‘ஆல்தோ’ வந்தாச்சா? ‘பட்’டுக்கு டாட்டா!

‘ஆல்தோ ஐயாம் ஃப்ரம் எ வில்லேஜ், பட் ஐ கேன் மேனேஜ்!’ - கேம்பஸ் இன்டர்வியூவில் கெத்தாக இப்படிச் சொல்லப் போறீங்களா? ஒரு நிமிஷம் பாஸ்! விஷயம் சூப்பர். ஆனா, ஒரு கதவுக்கு எதுக்கு ரெண்டு பூட்டு?

‘ஆல்தோ’ என்றால் ‘இருந்தாலும்’. ‘பட்’ என்றால் ‘ஆனால்’. ‘கிராமமா இருந்தாலும், ஆனா சமாளிப்பேன்’ என்று தமிழில் சொல்வோமா? ரெண்டில் ஒன்றைக் கழற்றி விடுங்கள். ‘சின்ஸ்... ஸோ’ ஜோடிக்கும் இதே கதைதான்.

இவையெல்லாம் ‘சபார்டினேட்டிங் கன்ஜங்ஷன்’ குடும்பத்து விவகாரம். பேரைக் கேட்டு மிரளாதீங்க. தமிழில் ‘மழை பெய்ததால்’, ‘பெய்தாலும்’, ‘பெய்தால்’ என்று இணைப்பு, வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். இங்கிலீஷில் அது தலையில் உட்காரும்: ‘பிகாஸ் இட் ரெய்ன்டு’, ‘ஆல்தோ இட் ரெய்ன்டு’, ‘இஃப் இட் ரெய்ன்ஸ்’. உட்கார்ந்ததுமே அந்தப் பகுதிக்குத் தனியாக நிற்கத் தெம்பு போய்விடும். லெட்டரில் ‘பிகாஸ் இட் ரெய்ன்டு’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தால், ‘சரி, அதனால?’ என்று படிப்பவர் காத்திருப்பார். ‘பிகாஸ் இட் ரெய்ன்டு, வி ஸ்டேய்டு ஹோம்’ என்று முடித்துவிட்டால் ஓகே. ‘பிகாஸில் வாக்கியத்தை ஆரம்பிக்கவே கூடாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. இந்தப் பகுதி முன்னால் வந்தால் நடுவில் கமா. பின்னால் வந்தால் பெரும்பாலும் வேண்டாம்.

‘இஃப் ஐ வில் கெட் த ஜாப்’ கூடாது. ‘இஃப் ஐ கெட் த ஜாப், ஐ வில் ஜாயின்.’ ‘வில்’லுக்கு இடம் அடுத்த பாதியில்தான்.

இருப்பதிலேயே டேஞ்சர் பார்ட்டி ‘அன்லெஸ்’. ‘ஐ கேனாட் ஜாயின் அன்லெஸ் ஐ டோன்ட் கெட் மை சர்டிஃபிகேட்’ என்று கம்பெனிக்கு மெயில் தட்டுகிறீர்கள். நினைத்தது: ‘சர்டிஃபிகேட் கிடைக்காவிட்டால் சேர முடியாது.’ சொன்னது: ‘கிடைக்காமல் இருந்தால்தான் சேர முடியும்!’ வேலைக்கே வேட்டு. ‘அன்லெஸ்’ஸுக்குள்ளேயே ஒரு ‘இல்லை’ ஒளிந்திருக்கிறது, ‘டோன்ட்’டைத் தூக்கிவிடுங்கள். ‘ஃபீஸ் கட்டாத வரை ஹால் டிக்கெட் இல்லை’ என்பதையும் ‘அன்டில் யூ டோன்ட் பே’ என்று மாற்றாதீங்க. ‘அன்டில் யூ பே’ போதும்.

தினமும் தமிழில் அஞ்சு வாக்கியம் எழுதுங்க. வாலைக் கண்டுபிடித்து, இங்கிலீஷில் தலைக்கு ஏற்றுங்க. அப்புறம் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்க: ‘ஆல்தோ ஐயாம் ஃப்ரம் எ வில்லேஜ், ஐ கேன் மேனேஜ்!’

இப்போ இன்னும் கெத்தா இல்லை?