விளம்பரங்களில் பாலினப் பாகுபாடு: எல்லை எங்கே? விதிகள் சொல்வது என்ன?

புதுதில்லி: துணி துவைக்கும் தூள் என்றால் தாய், காப்பீட்டுத் திட்டம் என்றால் தந்தை, பொம்மைச் சமையல் பாத்திரம் என்றால் மகள், பொம்மைக் கார் என்றால் மகன். இந்தியத் தொலைக்காட்சி விளம்பரங்களில் பல ஆண்டுகளாகப் பழகிப்போன காட்சிகள் இவை. இத்தகைய காட்சி எப்போது தீங்கானதாக மாறுகிறது என்பதை, விளம்பரத் துறையின் சுய ஒழுங்குமுறை அமைப்பான இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் (ஏ.எஸ்.சி.ஐ.), 2022 ஜூன் 8-ஆம் தேதி வெளியிட்ட வழிகாட்டுதல்களில் வரையறுத்துள்ளது.

ஏன் இது முக்கியம்?

மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிடுகின்றனர். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். இந்த ஏற்றத்தாழ்வுக்கு விளம்பரங்கள் மட்டுமே காரணமல்ல. எனினும், நாள்தோறும் பலமுறை திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சி, அதையே இயற்கை நியதிபோல் தோன்றச் செய்துவிடுகிறது.

வீட்டு வேலை செய்யும் பெண்ணைக் காட்டக் கூடாதா?

காட்டலாம். பெண் வீட்டைச் சுத்தம் செய்வதையோ, ஆண் அலுவலகம் செல்வதையோ வழிகாட்டுதல்கள் தடை செய்யவில்லை. அந்த வேலை ஒரு பாலினத்தவருக்கு மட்டுமே உரியது, அவர்களுக்கு வேறு வழியே இல்லை என்று உணர்த்துவதுதான் தவறு. குடும்பத்தினர் அனைவரும் வீட்டை அலங்கோலமாக்க, கணவர் கால் நீட்டி ஓய்வெடுக்க, மனைவி மட்டும் சுத்தம் செய்வதாகக் காட்டுவது இதில் அடங்கும். அன்றாட வேலையில் கணவர் சிறிது உதவியதற்காக மனைவி அளவுக்கு மீறி நன்றி பாராட்டுவதும் அவ்வாறே.

இந்த விதிகள் ஆண்களுக்கும் பொருந்தும். பெண்ணுக்குக் கார் நிறுத்தத் தெரியாது என்று கேலி செய்வதைப் போலவே, ஆணுக்குக் குழந்தையின் அணையாடையை மாற்றத் தெரியாது என்று சித்தரிப்பதும் கூடாது. ஒரு விளையாட்டோ, படிப்போ, தொழிலோ சிறுமிக்கு அல்லது சிறுவனுக்கு ஏற்றதல்ல என்றும் விளம்பரங்கள் கூறக் கூடாது.

தோற்றம் குறித்து...

உடல்வாகு காரணமாக ஒருவர் காதலிலோ சமூக வாழ்விலோ தோல்வியடைகிறார் என்று காட்டுவதற்கும் இடமில்லை. கருநிறத்தைத் தோல்வியோடும் துயரத்தோடும் இணைத்துக் காட்டக் கூடாது என்று கவுன்சில் 2014-ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியிருந்தது. 1975-இல் அறிமுகமான 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு, 2020-இல் 'க்ளோ அண்ட் லவ்லி' எனப் பெயர் மாற்றம் பெற்றது.

சட்டம் உண்டா?

பெண்களை ஆபாசமாகச் சித்தரிப்பதைத் தடுக்கும் சட்டம் 1986-இல் இயற்றப்பட்டது. ஆனால், ஆபாசமின்றி நாகரிகமாகவே எடுக்கப்பட்ட ஒரு விளம்பரம் பெண்ணைச் சமையலறைக்குள் முடக்கினால், அச்சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுப்பது கடினம்.

கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகள், 1994 இதைவிடத் தெளிவானவை. பெண்களை அடங்கிப்போகிறவர்களாகவும், குடும்பத்திலும் சமூகத்திலும் இரண்டாம் நிலையினராகவும் காட்டும் விளம்பரங்களுக்கு அவை தடை விதிக்கின்றன. கவுன்சிலின் நெறிமுறையை மீறும் விளம்பரங்களைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பக் கூடாது என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. அதனால், தொலைக்காட்சியைப் பொறுத்தவரை கவுன்சிலின் நெறிமுறைக்குச் சட்டத்தின் துணை உண்டு. நாளிதழ், இணைய விளம்பரங்களுக்கு இந்த விதி பொருந்தாது.

சிக்கல் எங்கே?

பெரும்பாலான நடவடிக்கைகள் விளம்பரம் வெளியான பிறகே தொடங்குகின்றன. 2022 ஜூன் தொடக்கத்தில், பெண்களுக்கு எதிரான கூட்டுப் பாலியல் வன்முறையைக் கேலிப் பொருளாக்குவதாகக் கூறி ஒரு வாசனைத் தெளிப்பான் விளம்பரத்துக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அதனை நிறுத்திவைக்கக் கவுன்சில் உத்தரவிட்டது. ட்விட்டர், யூடியூப் தளங்களிலிருந்து நீக்குமாறு தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவுறுத்தியது. நிறுவனமும் மன்னிப்புக் கோரியது. ஆனால் அதற்குள் அந்த விளம்பரம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, இணையத்திலும் பரவிவிட்டிருந்தது.

மாற்றங்களும் தென்படாமல் இல்லை. துணி துவைப்பதில் ஆண்களும் பங்கேற்க வேண்டும் என்ற பிரசாரத்தை ஏரியல் நிறுவனம் 2015-இல் தொடங்கியது. கிரிக்கெட் வீரரின் வெற்றியைக் கொண்டாட ஒரு பெண் மைதானத்துக்குள் ஆடியபடி ஓடிவரும் பழைய கேட்பரி விளம்பரம், 2021-இல் வீராங்கனைக்காக ஆண் ஆடுவதாக மாற்றி எடுக்கப்பட்டு வரவேற்பைப் பெற்றது.

பார்வையாளர் என்ன செய்யலாம்?

நுகர்வோர் எவரும் கவுன்சிலின் இணையதளம் வாயிலாகக் கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம். பொருளின் பெயர், விளம்பரம் வெளியான ஊடகம், நாள், நேரம், ஆட்சேபத்துக்குரிய காட்சி அல்லது வாசகம் ஆகியவற்றைக் குறிப்பிடுவது அவசியம். இணைய விளம்பரங்கள் விரைவில் மறைந்துவிடக்கூடும் என்பதால், அவற்றின் திரைப்பதிவைச் சேமித்து இணைப்பது புகாருக்கு வலுச் சேர்க்கும்.