சனிக்கிழமைப் பள்ளிக்கு வைஃபை

அக்கா வீட்டில் டீ என்றால் இஞ்சியைத் தட்டிப் போட்டு, பால் இரண்டு தடவை பொங்கி அடங்கின பிறகுதான் இறக்குவாள். கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டுக்கு வந்து இருபது வருடமாகியும் அதில் மாற்றமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை டம்ளரோடு ஒரு காகிதத்தையும் என் முன்னால் வைத்தாள். அவள் பாடம் எடுக்கும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு இணைய இணைப்புக் கொடுக்க ஒரு கம்பெனி போட்டிருந்த விலை.

"பள்ளிக்கூடத்துக்கெல்லாம் இன்டர்நெட் பில்லில் தள்ளுபடி உண்டாமேடா. நீதான் அந்த ஆபீஸில் குப்பை கொட்டினவனாச்சே, எங்களுக்கும் வாங்கிக் கொடேன்."

கொட்டினது உண்மைதான். ஒரு பள்ளி மாவட்ட அலுவலகத்தில் ஆறு வருடம் அந்தப் படிவங்களோடு மாரடித்திருக்கிறேன். திட்டத்தின் பெயர் ஈ-ரேட். "உங்களுக்குக் கிடைக்காது" என்று அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் டீ சூடாக இருந்தது; அக்காவும் விடுகிற ஆளில்லை.

முதலில் அவளுடைய போன் பில்லை எடுக்கச் சொன்னேன். கீழே பொடி எழுத்தில் 'யூனிவர்சல் சர்வீஸ்' என்று ஒரு வரி, அதன் எதிரே சில்லறைக் காசு. அமெரிக்கா முழுக்க இப்படிச் சேரும் சில்லறைதான் பள்ளிகளுக்கும் பொது நூலகங்களுக்கும் இணையத் தள்ளுபடியாகப் போகிறது. அரசாங்க பட்ஜெட்டில் இதற்கென்று ஒதுக்கீடு கிடையாது. தொலைபேசிக் கம்பெனிகள் கட்ட வேண்டிய பங்கு இது. அவர்கள் அதை அப்படியே வாடிக்கையாளர் தலையில் ஏற்றிவிடுகிறார்கள்.

'யூனிவர்சல் சர்வீஸ்' என்ற அந்த இரண்டு வார்த்தைக்கும் நூறு வருடத்துக்கு மேல் வயசு. ஏடி அண்ட் டி கம்பெனித் தலைவர் தியோடர் வேல் 1907 வாக்கில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அவர் மனதில் இருந்தது எல்லா இணைப்பையும் ஒரே கம்பெனி ஒரே வலையாகக் கட்டி ஆள்வது. ஏழைக்கும் போன் என்ற அர்த்தம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

பள்ளிக்கூடம் இதற்குள் நுழைந்தது 1996இல். கிளின்டன் கையெழுத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டத்தில், மெயின் மாநிலத்தின் ஒலிம்பியா ஸ்னோ, மேற்கு வர்ஜீனியாவின் ஜே ராக்ஃபெல்லர் உள்ளிட்ட செனட்டர்கள் கட்சி பார்க்காமல் சேர்ந்து இந்தப் பிரிவைச் சேர்த்தார்கள். 1998இல் தள்ளுபடி தொடங்கியபோது வருடத்துக்கு 225 கோடி டாலர் உச்சவரம்பு. பிடிக்காதவர்கள் துணை ஜனாதிபதி அல் கோர் பெயரில் 'கோர் வரி' என்று கேலி செய்தார்கள். 1994இல் அரசுப் பள்ளி வகுப்பறைகளில் நூற்றுக்கு மூன்றில்தான் இணையம் இருந்தது, 2005இல் 94. எல்லாம் ஈ-ரேட் புண்ணியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மலையடிவாரத்துப் பள்ளிக்கும் கம்பி போனதில் அதற்குப் பெரிய பங்குண்டு.

"சரி, எந்தப் பள்ளிக்கு எவ்வளவு தள்ளுபடின்னு எப்படி முடிவு பண்றாங்க?" என்றாள் அக்கா.

மதியச் சாப்பாட்டை வைத்து. எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மத்திய உணவுத் திட்டத்தில் இலவசமாகவோ குறைந்த விலையிலோ சாப்பிடத் தகுதியுள்ள பிள்ளைகள் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். வறுமைக்கோட்டு வருமானத்தைப் போல 1.85 மடங்கு வரை உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் அதில் வருவார்கள். நூற்றுக்கு 75 பேரோ அதற்கு மேலோ அப்படியிருந்தால் இணைய பில்லில் 90 சதவீதம் தள்ளுபடி. அப்படி ஒரு பிள்ளைகூட இல்லாத நகரத்துப் பள்ளிக்கும் 20 சதவீதம் உண்டு. நடுவில் உள்ள சில படிகளில் கிராமத்துப் பள்ளிக்குப் பத்துப் புள்ளி கூடுதல்.

இதில் ஒரு வேடிக்கை. ஏழைகள் நிறைந்த பள்ளிகளில் இப்போது விண்ணப்பமே வாங்காமல் எல்லோருக்கும் இலவசச் சாப்பாடு போடலாம். நல்ல காரியம். ஆனால் எல்லோருக்கும் தட்டு வந்துவிட்டால் ஏழை யார் என்று எப்படி எண்ணுவது? நம் ஊர்ச் சத்துணவுக் கூடத்தில் நின்றுகொண்டு ஊரின் ஏழ்மையை அளக்கப் பார்த்தால் எப்படியோ அப்படி. அதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். உணவு உதவி போன்ற திட்டங்களின் பதிவேட்டில் ஏற்கெனவே பெயருள்ள பிள்ளைகளை மட்டும் எண்ணி 1.6ஆல் பெருக்குவார்கள். ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் 500 பேர் பதிவேட்டில் இருந்தால் கணக்கு 800. அதாவது 80 சதவீதம்; தள்ளுபடி 90. ஒவ்வொரு வருடமும் உணவுப் பிரிவு அம்மாவிடமிருந்து இந்த எண்ணிக்கையை வாங்குவதுதான் என் முதல் வேலை. அவர் சாம்பார் வாளி அளவு பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே வாயால் சொல்லுவார். எனக்கோ கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டும்.

பணம் பள்ளியின் கைக்கு மொத்தமாக வந்துவிடாது. மாத பில் ஆயிரம் டாலர் என்றால் பள்ளி நூறு கட்டும். மீதியைக் கம்பெனி நிதியிலிருந்து வாங்கிக்கொள்ளும். அல்லது பள்ளி முழுசாகக் கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்கலாம்.

அதற்கு முன்னால் 470ஆம் படிவம். "எங்களுக்கு இன்னின்ன இணைப்பு வேண்டும், விலை சொல்லுங்கள்" என்று ஊரறியப் போட்டுவிட்டு 28 நாள் காத்திருக்க வேண்டும். வந்த விலைகளை ஒப்பிடும்போது வேறு எதைவிடவும் விலைக்கே அதிக எடை. கம்பெனிக்காரர் ஒரு சாப்பாடு வாங்கிக் கொடுத்தால்கூட 20 டாலருக்கு மேல் போகக் கூடாது. பிறகு விண்ணப்பம், 471ஆம் படிவம். காகிதங்களைப் பத்து வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு சின்ன நூலகத்தில் அந்தப் பாவப்பட்ட நூலகர் 27ஆம் நாளே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த வருடத் தள்ளுபடி மொத்தமும் போயிற்று. மேல்முறையீடும் தேறவில்லை. இந்தப் பயத்தினாலேயே பல சின்ன இடங்கள் ஆலோசகர்களுக்குப் பணம் அழுகின்றன. அந்தக் கட்டணத்துக்குத் தள்ளுபடி கிடையாது.

கண்டிப்புக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. பள்ளிகளிடம் விதி மீறி அதிக விலை வாங்கியதாக விஸ்கான்சின் பெல் கம்பெனி மீது ஒரு தணிக்கையாளர் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்தப் பணத்தில் பொய்க் கணக்குக் காட்டினால் அரசை ஏமாற்றுவதற்கு எதிரான சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம் என்று 2025 பிப்ரவரியில் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள்.

"போனுக்கும் உண்டா?" என்றாள். இருந்தது. 2014இல் உச்சவரம்பை 390 கோடி டாலராக உயர்த்தி, பணத்தை அதிவேக இணையத்துக்கும் வைஃபைக்கும் திருப்பினார்கள். பேச்சு போனுக்கான தள்ளுபடியை வருடத்துக்கு 20 புள்ளியாக வெட்டி ஒழித்துவிட்டார்கள்.

இரண்டாவது டம்ளர் வந்தபோது, எனக்கு ஆகாத பகுதிக்கு வந்தோம். வசூல். ஒரு தெருவில் ஊர்ப் பொதுச் செலவுக்கு டீ குடிக்கிறவர்களிடம் மட்டும் காசு பிரிக்கிறார்கள் என்று வையுங்கள். தெருவே காபிக்கு மாறிவிட்டது. பிரித்த காசில் வாங்குவதும் காபி மெஷின்தான். ஆனாலும் காபிக்காரரைத் தொட மாட்டார்கள். மிச்சமிருக்கும் டீக்காரர்களிடம் விகிதத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். இங்கே டீ என்பது மாநிலம் தாண்டிய தொலைபேசி வருமானம், காபி இணையம். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த வருமானத்தில் ஐந்தாறு சதவீதமாக இருந்த பங்கு இப்போது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது. லேண்ட்லைனை விடாத கிழவியும் கட்டுகிறாள். நாளெல்லாம் வீடியோ பார்க்கிறவனின் இணைய பில்லில் இதற்கு ஒரு காசும் இல்லை. வசூலிப்பதே அரசியல் சட்டப்படி செல்லாது என்ற வழக்கில், 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று திட்டத்தைக் காப்பாற்றியது. செல்லும் என்றார்களே தவிர, நியாயம் என்று சொல்லவில்லை. அது அவர்கள் வேலையும் இல்லை.

இன்னொரு குறை, கம்பி பள்ளி வாசலோடு நின்றுவிடுவது. 2020 ஆகஸ்டில் இதே கலிபோர்னியாவின் சலீனாஸில், வைஃபைக்காக ஒரு டாக்கோ பெல் கடை வாசலில் தரையில் உட்கார்ந்து பாடம் படித்த இரண்டு சிறுமிகளின் படம் நாடெங்கும் பரவியது. அதன் பிறகு 2023இல் பள்ளிப் பேருந்து வைஃபைக்கும், 2024இல் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போகும் ஹாட்ஸ்பாட்டுக்கும் தள்ளுபடி அனுமதித்தார்கள். 2025 செப்டம்பரில், திட்டத்தை நடத்தும் மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம் இரண்டையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. தப்பான முடிவு என்பது என் கட்சி.

அக்கா காகிதத்தைத் தட்டினாள். "எங்க கதைக்கு வா."

ஈ-ரேட்டில் பள்ளி என்றால் மாநிலச் சட்டப்படி தொடக்க, உயர்நிலைப் பள்ளி மட்டும். வார இறுதித் தமிழ்ப் பள்ளி அதில் வராது. கலிபோர்னியாவில் 1996 முதல் டெலிகனெக்ட் நிதி என்று ஒன்று தனியாக இருக்கிறது. வேலைப் பயிற்சி, மருத்துவம், கல்வி என்று சேவை செய்யும் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கும் பாதி விலைத் தள்ளுபடி தருவது. விண்ணப்பித்துப் பார்க்கலாம், நிபந்தனைகளும் காகிதங்களும் அதிலும் உண்டு.

"அது இருக்கட்டும், வகுப்பு எங்கே நடத்துறீங்க?" என்றேன்.

"இங்க பக்கத்து மிடில் ஸ்கூல்ல, சனிக்கிழமை வாடகைக்கு."

அந்தக் கட்டடத்தில் வைஃபை இருக்கிறது. ஈ-ரேட் பணத்தில் போட்டதாகவே இருந்தாலும் தடையில்லை. பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறை நாளிலும் ஊர்மக்கள் பயன்படுத்தப் பள்ளிகள் விடலாம் என்று 2010இலேயே விதியைத் தளர்த்திவிட்டார்கள். அதற்கென்று கூடுதல் இணைப்புக் கேட்கக் கூடாது. இணைப்பை விற்கவும் கூடாது. விடுவதும் விடாததும் பள்ளியின் விருப்பம்.

அக்கா விலைக் காகிதத்தை நாலாக மடித்து டம்ளருக்கு அடியில் வைத்தாள். அமெரிக்காவில் பள்ளிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கம்பெனியிடம் விலை கேட்கும் முன் திங்கட்கிழமை அந்தப் பள்ளி அலுவலகத்தில் வைஃபைக்கு அனுமதி கேட்டுப் பாருங்கள்.