அம்மோனியா ஏன் கண்ணைக் கரிக்கிறது?



பால் ஸ்டோரில் அம்மோனியா டின்னைத் திறந்தால் கண்ணில் நீர் கொட்டுகிறது. "மருந்து வாடைதானே, பழகிப்போச்சு" என்று நாமும் வேலையைப் பார்க்கிறோம். அந்த மருந்து எதனால் ஆனது, உடம்பை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

அம்மோனியாவில் ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் இருக்கின்றன. நைட்ரஜனின் வெளிச்சுற்றில் 5 எலெக்ட்ரான்கள் உண்டு. அவற்றில் மூன்றை ஹைட்ரஜன்களோடு கூட்டாக வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு ஹைட்ரஜனும் தன் பங்குக்கு ஒன்று போடுகிறது. இந்தக் கூட்டுத்தான் பிணைப்பு. உருவம் ஒரு முக்காலி மாதிரி. மேலே நைட்ரஜன், மூன்று கால்களின் நுனியில் ஹைட்ரஜன். மீதி 2 எலெக்ட்ரான்கள் யாரோடும் சேராமல் முக்காலியின் தலைமேல் இருக்கின்றன.

சூட்சுமமே அந்த இரண்டில்தான். தண்ணீர் பட்டால் அதிலுள்ள ஹைட்ரஜனை அவை தம் பக்கம் இழுக்கும். அதனால் தண்ணீர் காரமாகிவிடும். இது மிளகாய்க் காரமல்ல, சுண்ணாம்பைப் போன்ற காரம்.

ரப்பர் பாலுக்கு இது நல்லது. கிருமிகள் பாலைப் புளிக்க வைத்தால் பால் கட்டியாகும். அம்மோனியா கிருமியை அடக்கி, புளிப்பை முறித்து, பாலை இளக்கமாகவே வைக்கிறது.

ஆனால் நம் கண், மூக்கு, தொண்டை, நுரையீரல் எல்லாமே ஈரமானவை. அங்கேயும் அது கரைந்து காரமாகும்; சதையை அரிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். வாடை பழகிப்போனாலும் அரிப்பு நிற்பதில்லை. ஆகவே:

1. டின்னை வெயிலில் வைக்காதீர்கள். சூட்டில் ஆவி பெருகி, திறக்கும்போது முகத்தில் சீறும்.

2. காற்றோட்டமான இடத்தில், முகத்தை விலக்கி, கண்ணாடியும் கையுறையும் போட்டுத் திறங்கள். இவற்றை நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள்.

3. கண்ணில் பட்டால் கசக்காதீர்கள். உடனே இமையை விரித்து, சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவுங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காரத்தை முறிக்கிறேன் என்று புளிப்பு எதையும் கண்ணில் விடாதீர்கள்.

4. ஆவியை இழுத்து மூச்சுத் திணறினால் ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

5. துணி வெளுக்கும் குளோரின் மருந்தோடு கலக்காதீர்கள். விஷ ஆவி கிளம்பும்.

6. குடிக்கும் பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது. பிள்ளைகள் தண்ணீர் என்று குடித்துவிடும்.

பால் கெடாமல் இருக்கத்தான் அம்மோனியா. அதற்கு நம் கண்ணை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை.