வேளா வம்சம் அற்றுப்போயிற்றா?

பாக் நீரிணையின் கடற்புல் வெளிகளில் ஆவுளியா என்னும் கடற்பசு இன்னும் மேய்ந்துகொண்டிருப்பதைச் சென்ற வாரம் கண்டோம். அதனினும் சிக்கலான வழக்கு ஒன்று இந்த வாரம் நம்முன் நிற்கிறது. இராமேசுவரம், மண்டபம், தொண்டிக் கரைகளில் முதிய மீனவர்கள் வேளா என்றும் வேளாச்சுறா என்றும் சொல்லும் பிராணி, இருமருங்கும் கூரிய பற்கள் பதிந்த, ரம்பத்தை நிகர்த்த நெடுமூக்கை உடையது. பெயரால் சுறாவே ஆயினும், செவுள் துளைகள் அடிப்புறத்தில் அமைந்திருப்பதால் திருக்கைக் குலத்தைச் சேர்ந்தது. நன்கு வளர்ந்தால் இருபதடி நீளத்தையும் எட்டுவது. பௌர்ணமியன்று கடலுக்குப் போகாத பரதவர், கருவுற்ற சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வத்தை ஆவாகனம் செய்து வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. நட்டு நிறுத்தத்தக்க கொம்பு நம் கரைக்கடலில் வேளாவுக்கன்றி வேறெந்தச் சுறாவுக்கும் இல்லையாதலால், அன்று தெய்வம் ஏறிய கொம்பு இதனுடையதே என்பது என் துணிபு.

அவ்வளவு தொன்மையான உறவுடைய ஜீவன் நம் தலைமுறையிலேயே கண்ணுக்கு எட்டாது போயிற்று. மீன்கூட்டத்தில் வீசி அடிக்கவும், கலங்கிய நீரில் மறைந்திருக்கும் இரையின் மெல்லிய மின்னதிர்வை உணரவும் இயற்கை அளித்த அந்தக் கொம்பே அதற்கு யமனாயிற்று. பருத்தி வலை போய் நைலான் வலை வந்து, 1960-களிலிருந்து இழுவை மடிகளும் கடலின் அடித்தரையை வாரத் தொடங்கியபின், கொம்பின் ஒரு பல் கண்ணியில் மாட்டினாலும் மீளும் வழி இல்லாமற்போயிற்று. முட்டையிடாமல் சில குட்டிகளையே ஈன்று, பல ஆண்டுகள் கழித்தே பருவமெய்தும் இனம் இத்தகைய நஷ்டத்தை எவ்வாறு ஈடுசெய்யும்? ஒரு காலத்தில் 90 நாடுகளின் கரையோரம் வாழ்ந்த வேளா இனங்களில் ஒன்றோ பலவோ 46 நாடுகளில் அற்றுப்போயிருக்கலாமென்று 2021-இல் வெளியான ஆய்வொன்று கணித்தது.

நம் கரையிலும் அப்படித்தானா? ஒரு பொருளைக் காணாமையினாலேயே அது இல்லை என்று முடிவு கட்டுவதற்கு நம் தருக்க நூலார் ஒரு நிபந்தனை விதித்தார்கள்: இருந்திருந்தால் அது கட்டாயம் தென்பட்டிருக்கும் என்னும் நிலைமை அமைந்திருக்கவேண்டும். இங்கே அந்த நிலைமை இல்லை. 2001-இல் வேளா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. சேர்த்தது முற்றிலும் சரி, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், தான் விரும்பாமலே வேளா வலையில் விழப்பெற்ற ஒருவர், வலையை அறுத்து அதை உயிரோடு விட்டாலும், இறந்துபோனதைக் கடலிலேயே போட்டுவிட்டாலும், கரையேறியபின் வழக்குக்கு அஞ்சாமல் வாய் திறப்பாரென்று எப்படி எதிர்பார்ப்பது? ஏலக்கூடத்தில் வேளா காணப்படாமை, கடலில் அது இல்லை என்பதற்குச் சாட்சியம் ஆகாது. இனம் இன்னும் உள்ளதற்கு ஒரு சான்றும் உண்டு: மேற்குக் கரையிலே, கர்நாடகத்து மால்பே துறைமுகத்துக்கு 2021-இல் விசைப்படகின் வலையோடு பெரிய வேளா ஒன்று வந்து சேர்ந்தது.

நம் கடலிலும் அது முழுவதும் அழிந்துவிடவில்லை என்றே நான் கருதுகிறேன். ஆயினும் அநுமானம் நிரூபணமன்று; தேடிப்பார்க்கவேண்டும். வேளாக் குட்டிகள் வளர்வதற்குக் கழிமுகமும் அலையாத்திக் காடும் வேண்டும். ஆற்றங்கரை என்னும் ஊரில் வைகை கடலோடு கலக்குமிடத்துக்கு நன்னீர் வந்து சேர்வதே அரிதாகிவிட்டது. காரங்காடு என்னும் கரையூரின் அலையாத்தி மரங்களோ இன்னும் நிற்கின்றன. அமெரிக்காவில் வேளாவின் ஓரினம் ஃபுளோரிடாவின் தென்முனையில் இன்றளவும் பிழைத்திருப்பது எவர்கிளேட்ஸ் அலையாத்திக் காடுகளின் அடைக்கலத்தாலேயே என்பதை நினைக்கும்போது, தேடலைக் காரங்காட்டிலிருந்து தொடங்குவதே பொருத்தமென்று தோன்றுகிறது. மீன் உதிர்க்கும் மரபணுத் துகள்களைக் கடல்நீரிலிருந்தே கண்டறியும் முறை இன்று வழக்கிலுள்ளது. ஆஸ்திரேலியாவில் வேளாவைத் தேடவும் அது பயன்பட்டிருக்கிறது. அதற்கும் முன்பாக, வலையில் சிக்கிய வேளாவை விடுவித்துத் தகவல் தருபவர்மேல் வழக்கு இல்லையென்று அரசு பகிரங்கமாக உறுதியளிக்கட்டும். பழைய வீடுகளில் வேளாக் கொம்பு எஞ்சியிருக்குமானால், அது எந்தக் கடலில், எந்தப் பருவத்தில், எத்தகைய வலையில் கிடைத்தது என்பதை, பிடித்த பெரியவர்கள் இருக்கும்போதே, பறிமுதல் செய்யும் எண்ணமின்றி ஆராய்ச்சியாளர்கள் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.