முகத்தலும் எடுத்தலும்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நால்வகைப்படும் என்று ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பித்து வருபவன் யான். எடுத்தலாவது நிறுத்து அறிதல். முகத்தலாவது கலத்திற் பெய்து அறிதல். கற்பித்தவனுக்கே அவ்விரண்டன் வேறுபாடு செவ்வனே விளங்கவில்லை என்பதைச் சென்ற ஆண்டு ஒரு பணியாரம் உணர்த்திற்று.

என் அன்னையார் சிலாவத்துறையிற் பிறந்து வளர்ந்தவர். அவர் கைப்பட எழுதிய சமையற் கொப்பியொன்று எம்மிடம் உண்டு. அதில் உள்ள அளவெல்லாம் சுண்டும் கொத்துமே. அவர் சுண்டாகக் கொண்டது ரின்பால் பேணியொன்றை. அப்பேணி 1990ஆம் ஆண்டு இடப்பெயர்விற் போயிற்று. அன்னையாரும் இன்று இல்லை. அவரது நினைவு நாளிற் பயற்றம் பணியாரம் செய்ய விரும்பிய என் மகள் கனடாவிலிருந்து அழைத்து, "அப்பா, ஒரு சுண்டு எத்தனை கிராம்?" என்று கேட்டாள்.

யான் தயங்காது விடை பகர்ந்தேன். நான்கு சுண்டு ஒரு கொத்து. ஒரு கொத்து இரண்டு இறாத்தல். ஆகவே ஒரு சுண்டு அரை இறாத்தல், ஏறத்தாழ 225 கிராம் என்றேன். மூன்று சுண்டு வறுத்த பயற்றமாவுக்கு அவள் 675 கிராம் நிறுத்தாள். மீண்டும் அழைத்தபோது அவள் குரல் தழுதழுத்தது. "உருண்டை பிடிபடுதில்லை அப்பா. மா உதிருது. அப்பம்மாவின்ர மாதிரி வரேல்லை."

பிழை என்னுடையது. கொத்துக்கு இரண்டு இறாத்தல் என்பது அரிசிக்கு உரிய கணக்கு. 1953இல் பங்கீட்டரிசி கொத்தொன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது நாடே கொதித்தெழுந்தது; அத்துணை ஆழமாக அவ்வளவு எம்மவர் வாழ்வில் ஊன்றியிருந்தது. அரிசியின் கணக்கை மாவின்மேல் ஏற்றியது என் அறியாமை.

பண்டைக் கணக்கர் இவ்வாறு மயங்கினாரல்லர். ஒரு படியில் அவரை 1,800, மிளகு 12,800, நெல் 14,400, எள் 1,15,000 கொள்ளும் எனப் பொருள்தோறும் வேறு எண் வகுத்தனர். அன்னையார் பிறந்த கரையிலும் முத்துக்குளிப்பு நடந்த நாள்களில், முத்தைக் கண்ணிட்ட பித்தளைத் தட்டுகளிற் சலித்துப் பருமன் கண்டனர். அதன்பின் மஞ்சாடி, களஞ்சு என நிறுத்தனர். பருமன் அறிந்தமையால் நிறையும் அறிந்தோம் என அவர் அமைந்துவிடவில்லை.

அன்றிரவே ரின்பால் பேணியொன்றைக் கழுவி உலர்த்தித் தராசின் முன் அமர்ந்தேன். அது ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் கொள்வது. வெறும் பேணியின் நிறையைக் கழித்துப் பார்த்தேன். தலைதட்டிய அரிசி 240 கிராம் அளவில் நின்றது. சீனி 250 கிராம். தளர்த்திப் பெய்த பயற்றமாவோ 160 கிராமைத் தாண்டவில்லை. அதே மாவைத் தட்டித் தட்டி நிரப்பியபோது 200 கிராமை நெருங்கியது! மணிகளின் இடையே காற்று எவ்வளவு தங்குகிறதோ அவ்வளவுக்கு நிறை குறைகிறது. உப்பும் அவ்வாறே, ஒரு கரண்டி கல்லுப்பு ஒரு கரண்டி தூளுப்பின் நிறைக்கு வாராது.

ஆகவே கலத்துக்கும் நிறைக்கும் பொதுவான மாற்றளவு ஒன்றில்லை. பொருளுக்கு ஒன்றே உண்டு. வீட்டில் வழங்கும் கலத்தில் ஒவ்வொரு பொருளையும், அமுக்காது பெய்து, கத்தியின் முதுகால் மட்டஞ்செய்து, ஒருமுறை நிறுத்துக் குறித்துக்கொண்டாற் போதும்; அக்கணக்கு ஆயுளுக்கும் உதவும்.

அடுத்த ஞாயிறன்று மகள் 480 கிராம் மா எடுத்தாள். உருண்டை பிடிபட்டது. அன்னையாரின் கொப்பியில் "சுண்டு" என்ற சொற்களை யான் அழிக்கவில்லை; ஒவ்வொன்றன் அருகிலும் அதற்குரிய கிராமைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். பேத்திமார்க்கு இரண்டும் வேண்டும்.