ஆடிக் காற்றில் பறப்பது வெறும் புழுதியா?

'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பார்கள். அம்மி பறக்குதோ இல்லையோ, திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம் மானாவாரிக் காட்டு மண் பறக்கிறது. ஏன்?

தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்கு மலைகள் தடுத்துவிடுகின்றன. காற்று மட்டும் வறண்டு இறங்குகிறது. உழுது காய்ந்த நிலத்தில் மணல் துள்ளித் துள்ளி விழ, அந்த அடியில் நுண்மண் மேலே கிளம்பிவிடும். பயிருக்கான சத்து அதிகம் ஒட்டியிருப்பது இதில்தான். 10 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நம் மூச்சுக்குழாய்க்குள்ளும் போகும்.

என்ன செய்யலாம்? சோளத்தட்டையை அறுத்தாலும் அடிக்கட்டையை விட்டுவைக்கலாம். மண்ணைப் பொடியாக்காமல் கட்டி கட்டியாக உழலாம். மேற்கு வரப்பில் மரம் வைக்கலாம்.

1 செ.மீ. மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். பறந்துபோனதை எந்த உரக்கடையிலும் வாங்க முடியாது!