அதியர் குடிவழியும் திருமலைச் சாசனமும்

இன்று தருமபுரி என வழங்கும் தகடூரை இருக்கையாகக் கொண்டு ஆண்டவர் அதியர். ஔவையார்க்கு அருநெல்லிக்கனி ஈந்த நெடுமான் அஞ்சி இக்குடியினன். இவரைச் சேரர் கிளையினர் எனத் தயக்கமின்றி எழுதிச் செல்லுதல் நூலாசிரியர் பலர்க்கு வழக்கமாகிவிட்டது. அக்கூற்றின் அடிப்படையை ஈண்டு ஆராய்வோம்.

அதற்குரிய வெளிப்படையான சான்று, போளூரை அடுத்த திருமலைச் சமணக் குன்றிலுள்ள சாசனமாகும். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவனாகிய விடுகாதழகிய பெருமாள், சேர வமிசத்து எழினி முன்னர்ச் செய்வித்த இயக்கன், இயக்கி திருவுருவங்களை மீளவும் எழுந்தருளுவித்தான் என்பது அதன் செய்தி. அதன் வடமொழிப் பகுதியில் எழினி 'யவனிகா' ஆகின்றான்; இரு சொற்கும் திரைச்சீலை என்பதே பொருள். விடுகாதழகியனும் 'வியாமுக்த சிரவணோஜ்வலன்' ஆகின்றான். பெயரையும் மொழிபெயர்க்கும் இம்முறையை அறியாதார் எழினியை யவனன் என மயங்குதல் கூடும்.

இச்சாசனம் அஞ்சியின் காலத்திற்கு ஆயிரம் ஆண்டுகட்கும் பிற்பட்டது என்பதை மறத்தலாகாது. முற்பட்ட சான்றுகளோ வேறு கூறுகின்றன. அசோகனது இரண்டாம் பாறைச் சாசனம் சோழர், பாண்டியர், சதியபுதர், கேரளபுதர் என நால்வரையும் தனித்தனியே எண்ணுகின்றது. சதியபுதர் யாவர் என்பது நெடுங்காலம் வழக்கிலிருந்தது. 1981இல் திருக்கோவலூரை அடுத்த சம்பையில் வெளிப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, பள்ளி ஈந்த அதியன் நெடுமான் அஞ்சியைச் சதியபுதன் என்றே குறித்து அவ்வழக்கைத் தீர்த்தது. எனவே அசோகன் காலத்தே அதியர் கேரளரின் வேறாக எண்ணப்பட்டனர் என்பது பெறப்படும்.

தகடூரைப் பெருஞ்சேரல் இரும்பொறை எறிந்ததை இதற்குத் துணையாகக் காட்டுவாரும் உளர். யாம் அதனை வற்புறுத்தோம். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் ஒரு குடியினராய் நின்றே பொருதனர் அல்லரோ?

மறுதலையாகக் காட்டத்தக்கது ஒன்றுண்டு. புறநானூற்று 99ஆம் பாட்டு அஞ்சிக்குப் பனம்பூமாலை கூறுகின்றது. போந்தை சேரர்க்குரிய பூ. மணவுறவால் அது வந்ததெனக் கொள்ளினும் அதற்குச் சான்று இல்லை. அப்பாட்டு அவன் முன்னோர்க்கு உரிமையாக்கும் பெருமை, கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தமையே. அவன் மகன் பொகுட்டெழினியைப் பாடும் 392ஆம் பாட்டும் அதனையே கூறும். தந்தைக்கும் மகற்கும் ஒருபடித்தாக ஓதப்பெறும் இதுவே அக்குடியினர் தம்மைப்பற்றிப் போற்றிய பழவரலாறு எனத் துணிகின்றோம். சேர வமிசம் என்பது பிற்காலத்து ஏற்றம்.

இடைக்காலத்தும் இக்குடி அற்றுப்போகவில்லை. நாமக்கல் குடைவரை 'அதியேந்திர விட்டுணுகிருகம்' எனத் தன் கல்வெட்டிலேயே பெயர்பெற்றுள்ளது. ஆயினும் அஞ்சி முதல் விடுகாதழகியன் வரை தலைமுறைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிரல்படுத்தக் கருவி இல்லை. திருமலை எழினியைப் பொகுட்டெழினியாகக் கொள்வதும் பொருந்தாது. எழினி என்பது அக்குடியில் மீளமீள வழங்கிய பெயர். இயக்கன், இயக்கியரைப் படிமம் வைத்து வழிபடும் சமண மரபோ சங்ககாலத்திற்குப் பிற்பட்டது.